வாசு அண்ணன் பிடித்ததாகச் சொன்ன திரை

மலேசியாவின் பண்டமாரானில் ஒரு சரக்குக் கிடங்குக்கு ஷாமினி இரண்டு கணினித் திரைகளைக் கொண்டுபோனாள். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவருக்குக் காட்டும் திரைகள். ஒன்றில் பெரிய எழுத்தில் வெறும் பட்டியல். அதை அவள் அலுவலகத்தில் வேறொருவர் செய்திருந்தார். மற்றதில் கிடங்கே முப்பரிமாணப் படமாகச் சுழலும். அது ஆறு மாதம் அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது. எது கைக்கு எளிது என்று ஓட்டுநர்களை வைத்தே பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் வந்தவர் வாசு. பட்டியலில் நாற்பது விநாடியில் பெட்டியைக் கண்டுபிடித்தார். படத்தில் நான்கு நிமிடம் தடுமாறினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, இதில் எது நீ செய்தது என்று கேட்டார்.

சோதிக்க வந்தவள் அதைச் சொல்லவே கூடாது. ஆனால் காலையிலிருந்து தங்கச்சி, தங்கச்சி என்று மைலோ வாங்கித் தந்த மனிதரிடம் எப்படி மறைப்பது? சொல்லிவிட்டாள்.

"அப்ப அதான் நல்லா இருக்கு லா," என்று தாளில் கையெழுத்தும் போட்டார். வீட்டுக்கு வந்த பெண்ணின் சமையலில் உப்பில்லை என்று நம் ஆட்கள் சொல்லிவிடுவார்களா என்ன? மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்து அப்படியே சொன்னார்கள்.

கரும்பு தின்னக் கூலியா? ஷாமினி அவர்கள் சொன்னதை அறிக்கையில் எழுதி, கையெழுத்துத் தாளையும் இணைத்தாள். விநாடிகளை எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது வாசுவின் வண்டியில் வேறொருவர் இருந்தார். வாசு வாசலருகே அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். புதிதாகப் போட்ட படத் திரையில் அவர் ரொம்ப மெதுவாம், அதனால் வேலையை மாற்றிவிட்டார்களாம். ஷாமினி அவர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"தப்பு என் மேலதாண்ணே. அன்னிக்கு நீங்க கஷ்டப்பட்டத நான் எழுதல."

"உன் படம் நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் மூளை பத்தல," என்றார் வாசு. நம்ம பொண்ணு செஞ்சது என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாராம். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றைய விநாடிக் குறிப்பை எடுத்துக்கொண்டு கிடங்கு மேலாளரிடம் ஓடினாள். அந்தப் பட்டியலையே போடுங்கள், வாசுவை வண்டியில் ஏற்றுங்கள் என்று கெஞ்சினாள். மேலாளர் அவளுடைய அறிக்கையையே திருப்பி அவள் முன் வைத்தார்.

படத் திரையே சிறந்தது என்ற வரிக்குக் கீழே முதல் கையெழுத்து வாசுவுடையது.