துரு மாத்திரை

எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் ஓட்டக் குழுவுக்குப் பயிற்சியாளர் தேவராஜ். பகலில் பெயின்ட் ஷாப் சூபர்வைசர். மனித உடம்பையும் அவர் இரும்பாகத்தான் பார்ப்பார்.

"ஓடறப்போ உடம்புக்குள்ள துரு புடிக்குதும்மா. இத்த போட்டா துரு நிக்கும், வலியும் வராது" என்பார். தினமும் காலையில் ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு இரண்டு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தருவார். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுப்பார்களே, அதே மரியாதை!

இரண்டு மாதம் விழுங்கியும் என் ஓட்ட நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பழம், காய்கறி போதும். பயிற்சி தர்ற அழுத்தத்துலதான் தசை பலமாகுது. அதிக டோஸ் மாத்திரை அதையே கெடுக்கலாம்னு சில ஆய்வு சொல்லுது" என்றார்.

மறுநாள் நான் கையை நீட்டவில்லை.

"இன்னாம்மா, வேணாவா?"

"வேணாம் சார். நான் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல கீறேன். சூடே காட்டாம வெச்சா எந்த இரும்பு சார் கெட்டியாவும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்தது. "மாத்திர போடாதவளுக்கு டீம்ல எடம் கெடையாது" என்று பட்டியலில் என் பெயரை அடித்தார்.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான ஐயாயிரம் மீட்டர் போட்டிக்கு மூன்று பேர்தான் போக முடியும். எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வருடம் விட்டால் எனக்கு அந்த இடம் இல்லை. அது எனக்கு வேண்டும். கெஞ்சி வாங்க மாட்டேன்.

தேர்வு ஓட்டத்தன்று எனக்கு நம்பர் தரவில்லை. நம்பர் இல்லாமலே கோட்டில் போய் நின்றேன்.

"ஓடினாலும் உன் பேர எய்த மாட்டேன்" என்றார் தேவராஜ்.

"ஓடுறது என் வேல சார். அத்த நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டரை சுற்று. கடைசிச் சுற்றில் தொடை எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால், குழுவிலேயே சின்னவளான லாவண்யாவைத் தாண்டி மூன்றாவதாக வந்தேன்.

தேவராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை. "மூணாவது லாவண்யா" என்று எழுதப் போனார். அந்தப் பெண் ஒரு நாளும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"நான் நாலாவது சார்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "அக்காதான் மூணாவது."

அவர் பேனா நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. குரலைக் கலங்கவிடவில்லை.

"ஷோபனா. இனிஷியல் மு. எய்துங்க சார்" என்றேன். எழுதி முடிக்கும்வரை மேசையை விட்டு நகரவில்லை.