வெள்ளைத் தாள் பிடித்த கை

இந்த வளைகுடா முவைலாவில் நான் வெளுக்காத முகம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் லேபர் கேம்ப் பஸ் வந்து நின்றால் போதும், எங்கள் ஸ்டூடியோ வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். "மேடம், கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்க." வெயிலில் கம்பி கட்டிக் கருத்துப்போனவனுக்கு ஊரில் பெண் பார்க்கிறார்கள், நான் என்ன செய்ய? ஏற்றித்தான் விடுவேன். நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, தூசியில் கலங்கிய கண்ணுக்கு நல்ல வெள்ளை. கோட்டும் டையும் கடையிலேயே தொங்கும். கேமராவும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு, மற்றதெல்லாம் முதலாளி கலீலுர் ரஹ்மான் பாய் பொறுப்பு.

பாய் கீழக்கரைக்காரர். தங்கமான மனுஷர்தான், சிக்கனம் என்று வந்துவிட்டால் மட்டும் அவரிடம் பேசிப் பயனில்லை. அந்த மாதம் ஸ்டூடியோ விளக்கு இரண்டும் போனதும், எங்கேயோ மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு பல்பு வாங்கி வந்து மாட்டினார். அன்று பிடித்தது சனியன். வெள்ளைச் சட்டை மஞ்சள், பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவர் மஞ்சள், ஆளும் மஞ்சள். "பாய், இந்தப் பல்பைக் கழட்டித் தூரப் போடுங்க," என்று தினமும் கத்தினேன். "அதான் நீ கம்ப்யூட்டர்ல சரி பண்ணிர்றியேம்மா," என்று தினமும் பதில் சொன்னார்.

உண்மைதான், சரி பண்ணினேன். மஞ்சளை அளவாக எடுக்கிற வேலையை ஃபோட்டோஷாப்பில் ஒரே பொத்தானுக்குள் அடக்கி வைத்து, அதற்கு 'பாய் சிக்கனம்' என்று பெயரும் வைத்தேன். பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார், பல்பை மாற்றவில்லை. கேம்ப் பையன்கள் அதற்குள் எங்களுக்கு 'மஞ்சக்காமாலை ஸ்டூடியோ' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து யாராவது மஞ்சள் என்று வாயெடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்க முடியாமல் ஒருவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சலவை செய்த வெள்ளை முழுக்கைச் சட்டை. முறை வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் ஒரு மெயில் முகவரி இருந்தது.

"எம் பேரு சோலைமுத்து. பிளாஸ்டரிங் மேஸ்திரி. போட்டோ இப்பவே ஊருக்கு மெயில்ல போகணும் தங்கச்சி. முதுகுளத்தூர் பிரவுசிங் சென்டர்ல வீட்டுக்காரி வந்து உக்காந்திருக்கா."

"அப்படி என்னண்ணே தலைபோற அவசரம்?"

"லீவுல போன பய எவனோ, உம் புருசன் ஆளே சரியில்லன்னு வத்தி வச்சிட்டான். இன்னைக்கு எடுத்த போட்டோ வந்தாகணும், இல்லன்னா விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்கு வந்து சேருங்கறா."

போன தடவை பழைய படம் ஒன்றை அனுப்பி ஏமாற்றியிருக்கிறார் மனுஷர். அதனால் இந்த முறை அவர் மனைவி பஞ்சவர்ணம் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வெள்ளைத் தாளில் அன்றைய தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் எடுக்கிற படம் மாதிரி இருக்கும் என்றேன். "அவ போலீஸ் மாதிரிதான் தங்கச்சி," என்று சிரித்தவர், சட்டெனக் குரலைத் தாழ்த்தினார். "மஞ்ச தெரியாமப் பாத்துக்கங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்ணே. நீங்க நிமிர்ந்து உக்காருங்க," என்று படக்கென்று எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றி என் பொத்தானைத் தட்டினேன். மஞ்சள் முழுதும் போகவில்லை. சரி, கையில் வெள்ளைத் தாள் இருக்கிறதே என்று, இதுதான் வெள்ளை என்று அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினேன். தாள் வெள்ளையானது, சுவர் வெள்ளையானது, சட்டை பளிச்சென்று ஆனது. ஆள் மட்டும் அப்படியே இருந்தார். பின்னால் வரிசையில் ஒருவன் "மேடம், ஜல்தி," என்கிறான். இந்தப் பாழாய்ப்போன பல்பு என்று பாயைத் திட்டிக்கொண்டே முகத்தில் இருந்த மஞ்சளைத் தனியாக உறிஞ்சி எடுத்தேன். கண்ணைத் திரையில் பெரிதாக்கி இரண்டு வெள்ளை விழியையும் துடைத்துவிட்டேன். கன்னத்துக்குச் சிவப்பு கொடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி வந்துவிட்டார். அவர் பக்கத்தில் நிற்கும்போதே படம் மெயிலில் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "கலராத்தான் இருக்கீக. நல்லா இருக்கு," என்றது ஒரு பெண் குரல். சோலைமுத்துவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்லூரியில் சேரப் போகிற மகள் கேட்டாள் என்று கோட்டு போட்டு இன்னொரு படமும் எடுத்துக்கொண்டு, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பிரிண்ட் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். வாசலில் செருப்பைப் போடும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கூட்டத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து உட்கார்ந்த பையனுக்கும் அதே ஸ்டூல், அதே பல்பு. பொத்தானைத் தட்டினேன். சட்டை வெள்ளை, சுவர் வெள்ளை, பையனின் கண்ணும் வெள்ளை. அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. எனக்குக் கை நின்றுவிட்டது. பல்பு எரிந்தால் எல்லோர் மேலும்தானே எரியும்? ஒருத்தருக்கு மட்டும் தனியாக மஞ்சள் அடிக்குமா?

ஜும்ஆத் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்குப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சோலைமுத்துவின் அசல் படத்தை மறுபடி திறந்தேன். வெள்ளைத் தாளைத் தொட்டேன். அவ்வளவுதான் செய்தேன், வேறு எதையும் தொடவில்லை. தாளுக்கு மேலே இருந்த இரண்டு கண்ணும் எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் என்னைப் பார்த்தன. கேம்ப்காரன் விளையாட்டாய்ச் சொன்ன மஞ்சக்காமாலை நிஜமாகவே கடையில் வந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, நான் அதைத் துடைத்து ஊருக்கும் அனுப்பியிருக்கிறேன். ரசீதில் இருந்த நம்பருக்கு அடித்தேன். போன் அணைந்திருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அப்படித்தான்.

அப்போது கடை போன் அடித்தது.

"போட்டோ அனுப்புன அக்காவா? நான் பஞ்சவர்ணம். சோலைமுத்து வீடு. மெயிலுக்கு அடியில இந்த நம்பர் இருந்துச்சு."

"சொல்லும்மா," என்றேன்.

"மூஞ்சியும் கண்ணும் வெளுத்திருக்கீக. கைய மறந்துட்டீக."

நான் வெளுத்த படத்தைத் திறந்தேன். தாளின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கட்டைவிரல். பளிச்சென்ற வெள்ளைத் தாளின்மேல் இரண்டு நகமும் மஞ்சள் பூத்துக் கிடந்தன.

"எங்க அண்ணனுக்கும் நகத்துலதான் மொதல்ல பாத்தேன்," என்றாள். "சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. ஆடியில படுத்தவன் ஆவணியப் பாக்கலக்கா. அதான் தாளைப் புடிச்சுக்கிட்டு உக்காரச் சொன்னேன். தேதிக்குன்னு சொன்னேன், கையப் பாக்கத்தான் சொன்னேன்."

"அவருகிட்ட நல்லா இருக்குன்னு சொன்னியேம்மா?"

"பின்ன? கண்டுபுடிச்சிட்டேன்னு தெரிஞ்சா போனை அமத்திப் போட்டுட்டு எங்கிட்டாவது ஒளிஞ்சுக்குவாக. ஒங்க கடைக்குத் திரும்பி வருவாகளா? வெளுக்காத படம் ஒண்ணு இருக்கும்ல, அத அனுப்புங்கக்கா. அவுக வந்தா விட்ராதீக. எனக்கு அங்கன வேற யாரையும் தெரியாது."

கடைசி வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது. அதுவரை கல் மாதிரிப் பேசினாள்.

பாய் தொழுகை முடிந்து வந்ததும் இரண்டு படத்தையும் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அந்த மனுஷனக் கேக்காம அடுத்த ஆளுக்கு அனுப்பலாமாம்மா? கடைன்னா ஒரு இது இருக்குல்ல," என்றார்.

"அடுத்த ஆளா? பொண்டாட்டி பாய்," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நான் அனுப்பினேன். ஒரு ஆளின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று ஒரு பயம், பிரிண்ட் வாங்க அவர் வராமலே போய்விட்டால் என்ன ஆவது என்று அதைவிடப் பெரிய பயம். கேம்ப் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அஸர் பாங்கு சொல்லி, தொழுகை முடிந்து, பள்ளியிலிருந்து ஆட்கள் கலைந்து போனார்கள். சோலைமுத்து வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிழல் விழுந்தாலும் எழுந்து நின்றேன். ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருத்தனுக்குக் கோட்டின் மேலே வேறு ஒருத்தன் தலையை வைத்துவிட்டு மறுபடி மாற்றினேன். பாய் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு மஞ்சள் பல்பையும் கழற்றிவிட்டு நல்ல வெள்ளை பல்பாக மாட்டினார். எத்தனை சண்டை போட்டும் நடக்காதது நடக்கிறது, எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் சோலைமுத்து வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். ரூமில் படுத்தவர் அப்படியே அசந்துவிட்டாராம், போனில் சார்ஜ் இறங்கினதே தெரியாதாம், இப்போதுதான் போட்டு எடுத்து வந்தாராம். புது வெளிச்சத்தில் அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வெளுக்காத படம் இருந்த கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

தன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பல்புதான தங்கச்சி?" என்றார்.

"பல்பை மாத்தியாச்சுண்ணே." பக்கத்தில் இருந்த சுவர்க் கண்ணாடியைக் காட்டினேன்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இந்தக் கடையில எடுத்தா யாரா இருந்தாலும் மஞ்சளா விழும்னு கேம்ப்ல பேசிக்கிட்டாங்க," என்றார் தரையைப் பார்த்தபடி. "எங்க கேம்ப் பக்கத்துலயே ஸ்டூடியோ இருக்கு. அது வேணாம்னு, பஸ் மாறி இம்புட்டு தூரம் வந்தேன். அவ கேட்டா, கடைப் பல்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்ல."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. எங்கள் பல்பை நம்பி ஒரு மனுஷன் வந்திருக்கிறார்.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்றார் பாய்.

"இருக்கு பாய், ரொம்ப நாளா. சோறு எறங்கல. அடுத்த மாசம் விசா புதுப்பிக்க மெடிக்கல் டெஸ்ட். அதுக்குள்ள சரியாப் போயிரும். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போய், கம்பெனிக்குத் தெரிஞ்சா, ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. புள்ள காலேசு சேரப் போறா."

"அடுத்த மாசம் மெடிக்கல் இருக்கும். நீ இருக்கணும்ல?" பாய் மேசை மேலிருந்த கார் சாவியை எடுத்தார். "யல்லா, எழுந்திரி. கம்பெனியில நான் பேசிக்கறேன்."

சோலைமுத்து அசையவில்லை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, பெயரைப் பார்த்துவிட்டு, அதை என் கையில் திணித்தார்.

"நீங்க சொல்லுங்க தங்கச்சி. நேர்ல பாத்தேன், நல்லா இருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. இந்த ஒரு மாசம் மட்டும்."

இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்காக ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. அந்தக் கை மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, வந்துட்டாகளா?" என்றாள் பஞ்சவர்ணம். "நேர்ல பாத்தீகளா? கண்ணு எப்படி இருக்கு?"

"மஞ்சளா இருக்கும்மா," என்றேன். "இங்கதான் இருக்காரு. பாய் வண்டி எடுத்துட்டாரு. நான் கூடப் போறேன்."

அந்தப் பக்கம் அவள் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை, ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்டது. சோலைமுத்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார், வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.