சிவப்பு மணியில் ஓர் உடைவு

"மணிக்கு ஞாபகம் இல்ல புள்ள" என்று ஹாஜறா டீச்சர் சொன்னதும் பத்தாம் வகுப்புப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

வெள்ளைத் துணிப்பைக்குள் ஒரு சிவப்பு மணியும் ஒரு நீல மணியும் கிடந்தன. அம்ஹா என்ற மாணவி கையை விட்டு ஒன்றை எடுத்து, நிறத்தைக் காட்டி, திருப்பிப் போட்டு, மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்க எடுக்க நீலமே வந்தது.

"இனிச் சிவப்புத்தானே டீச்சர் வரவேணும்? பாவம், இது அதுட முறை."

"அதுக்கு முறை கிறை ஒண்டும் இல்ல. ஒவ்வொரு தரமும் அரைதான்."

ஹாஜறா திரும்பிக் கரும்பலகையில் எழுதினாள். நிறம் தவிர மற்றெல்லா விதத்திலும் சர்வசமனான இரண்டு மணிகள். சமமாக நேரத்தக்க இரண்டு பேறுகள், அதாவது விளைவுகள். ஆகவே ஒவ்வொன்றின் நிகழ்தகவும் இரண்டிலொன்று. எழுதி முடிக்குமுன் சோக்கட்டி ஒடிந்து விழுந்தது. முறை என்ற சொல் எங்கே காதில் பட்டாலும் அவளுக்கு இப்படித்தான் கை இறுகிவிடுகிறது.

கணவர் மக்கீன் சிபானாவை இரண்டாந்தாரமாக நிக்காஹ் செய்ததிலிருந்து வந்த இறுக்கம் அது. ஓர் இரவு சாய்ந்தமருதில் ஹாஜறாவின் வீடு. மறு இரவு மருதமுனையில் சிபானாவின் வீடு. மக்கீன் ஒரு நாளும் முறை தவறியதில்லை. இங்கே விளைமீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயும் விளைமீன். பெருநாளைக்கு இரண்டு சாரியும் ஒரே கடையில், ஒரே விலையில். "மக்கீன் காக்காட நீதம் வேற ஆருக்கு வரும்?" என்று ஊரே மெச்சியது.

அந்த நீதம்தான் ஹாஜறாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அவர் அநியாயம் செய்திருந்தால் அழலாம், பள்ளிவாசலில் போய் முறையிடலாம். சரிபாதி கொடுக்கிற மனிதன்மீது யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அதுவரை அவருக்கு அவள் ஒன்றாக இருந்தாள், வேறு பேறே இல்லாத நிச்சயமாக. இப்போது அரை. அவளுடைய இரவுகளில்கூட அவர் கழற்றிப் போடும் சேட்டில் மற்ற வீட்டு அத்தர் மணக்கும். அதை வாளித் தண்ணீரில் அமுக்கி, நுரை வெளியே வழியும்வரை கசக்குவாள்.

இந்த நேரத்தில்தான் மக்கீன் மக்காவுக்கு உம்றாப் பயணம் போக நிய்யத் வைத்தார். கையில் இருந்த பணம் தனக்கும் ஒருத்திக்கும் மட்டும்தான் காணும். அவர் செய்தியைச் சொன்ன இரவில், 'நீதான் மூத்தவ, நீ வா' என்ற வார்த்தைக்காக ஹாஜறா காத்திருந்தாள்.

"நபியவர்கள் பயணம் போகக்குள்ள மனைவிமாருக்கு இடையில குலுக்கல் போட்டுத்தான் கூட்டிப் போனாங்க. நாமளும் அப்பிடியே செய்வம்" என்றார் அவர். "ஸ்கூல்ல பிள்ளையளுக்குக் காட்டுற மணி இருக்கே புள்ள, அதக் கொண்டு வா. ஆளுக்கு ஒரு நிறம் சொல்லுங்க, நான் எடுக்கிறது ஆருட நிறமோ அவ வருவா. உன்ட சாமான் எண்டா ஆரும் ஒரு குறை சொல்லேலா."

வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு மணிப்பெட்டியை மேசையில் கவிழ்த்தாள். சிவப்பு மணி ஒன்றின் விளிம்பில் விரல் தடுக்கியது. சின்ன உடைவு. கண்ணுக்குச் சட்டென்று படாது, விரல் பட்டால் தப்பாது. அதை ஒதுக்கி வைத்தாள். நல்லது ஒன்றைப் பொறுக்கினாள். பிறகு நல்லதைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒதுக்கியதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஏன் என்று தன்னையே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு குலுக்கலுக்கென்று சிபானா வட்டிலப்பத்தோடு வந்தாள். கையில் புது மருதாணி. 'போவதென்றே முடிவு கட்டிவிட்டாளோ' என்று ஹாஜறாவுக்கு நெஞ்சு எரிந்தது.

"சீனி கூடிட்டோ தெரியா ராத்தா. மச்சானுக்கு இனிப்புக் கூடினாத்தான் இறங்கும்."

"எனக்குத் தெரியாததா?" என்றாள் ஹாஜறா. சிபானா வட்டிலப்பச் சட்டியை மேசையில் வைத்தாள்.

தண்ணீர் குடிக்க மக்கீன் குசினிக்குள் வந்தார். ஹாஜறா குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சான், சிவப்பு மணியில ஒரு உடைவு இருக்கு. விரல் வச்சா தெரியும்."

அவர் கிளாசை உதட்டிலிருந்து எடுத்தார். "வேற மணி இல்லயா?"

"இல்ல." பெட்டி நிறைய இருந்தது. "நான் சிவப்பத்தான் சொல்லுவன்."

அவர் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு முன்னறைக்குப் போனார். அவள் அடுப்புக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உம்றா வேண்டும்தான். கஃபாவைப் பார்க்க ஆசைப்படாத கண் ஏது? ஆனால் அதைவிட ஒன்று வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுத் தன்னைத் தேடி எடுக்க வேண்டும்.

"நீங்க மூத்தவ, நீங்க முதல்ல நிறத்தச் சொல்லுங்க" என்றாள் சிபானா.

"சிவப்பு."

"அப்ப எனக்கு நீலம்."

மக்கீன் பிஸ்மி சொல்லித் துணிப்பைக்குள் கையை விட்டார். மெல்லிய துணிக்குள் விரல்கள் அசைவது ஹாஜறாவுக்குத் தெரிந்தது. அசைந்தன, ஒன்றைப் பற்றின, அப்படியே நின்றன. பெருவிரல் ஒரே இடத்தை ஒருமுறை தடவியது. ஹாஜறா ஓரடி முன்னால் வந்தாள். பிறகு விரல்கள் அதை விட்டுவிட்டுத் தள்ளிப் போயின.

அவர் வெளியே எடுத்தது நீலம்.

"யா அல்லாஹ்!" என்று சிபானா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு ஓடி வந்து ஹாஜறாவைக் கட்டிக்கொண்டாள். அத்தர் மணத்தது.

சிபானா முகம் கழுவப் போனதும் ஹாஜறா கேட்டாள்: "விரல் பட்டுத்தா?"

"பட்டுது."

"மறுகா ஏன் எடுக்கல்ல?"

"பட்ட பொறகு அத எடுத்தா அது குலுக்கல் இல்ல புள்ள, களவு. களவெடுத்த பயணத்திலயா அல்லாஹ்ட வீட்டுக்குப் போறது? நீ சொல்லாம இருந்திருந்தா..."

மிச்சம் அவளுக்குத் தெரிந்த கணக்குத்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அரை இருந்தது. முழுதையும் கேட்டு அந்த அரையையும் தொலைத்துவிட்டாள். சும்மா தோற்றிருந்தால் ஒரு மணியிடம் தோற்றதோடு போயிருக்கும், மணி யாரையும் நேசிக்காது. இது அவருடைய கை.

இறையச்சம் என்பதுபோல் பேசினார். இருக்கலாம். ஆனால் உடைவைத் தொட்ட கையை வெளியே எடுத்து, "வேற ஏதும் கொண்டு வா, திருப்பிப் போடுவம்" என்றும் சொல்லியிருக்கலாமே. பேர் எழுதிய இரண்டு கடதாசித் துண்டு போதாதா? சொல்லவில்லை. இனி எந்த இரவும் அவள் அந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்வாள்.

அன்று சிபானாவின் முறை. மக்கீன் மோட்டார்சைக்கிளைக் கிளப்பினார். பின்னால் ஏறிய சிபானா, கேற்றடியில் நின்ற ஹாஜறாவின் கையைப் பிடித்தாள்.

"கவலப்படாதீங்க ராத்தா. அடுத்த தரம் உங்கட முறைதான்."

ஹாஜறா கையை விடுவித்துக்கொண்டாள். மற்றக் கைக்குள் சிவப்பு மணி இருந்தது. உடைந்த விளிம்பைப் பெருவிரல் தானாகத் தேடிப் பிடித்தது.

"இல்ல" என்றாள். "அடுத்த தரமும் அரைதான்."