தேவமலரின் ஒப்பாரி

குருபோங் ஊரில் தேவமலர் வேலை பார்த்த தொழிற்சாலையில் துக்கத்துக்கு அனுமதி கிடையாது. தினமும் ஆளுக்கொரு மாத்திரை, மணிக்கட்டில் ஒரு வளையம். மனம் குளிர்ந்திருந்தால் வளையம் பச்சை, வாடினால் சிவப்பு. சிவப்பு நீடித்தால் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதற்கு மகிழ்ச்சித் திட்டம் என்று பேர் வேறு!

அங்கேதான் அவள் புருஷன் அங்கமுத்து இயந்திரத்தில் நசுங்கிச் செத்தான். உடலைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்தார்கள். ஒப்பாரி வரவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் மலிவு என்று பேசினார்கள். தேவமலரும் பேசினாள். எல்லாரும் மாத்திரை போட்டவர்கள்தானே.

கட்டியவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அவள் புத்திக்கு எட்டியது, நெஞ்சுக்கு எட்டவில்லை. அங்கேயே வேலை செய்யும் மகன் திவாகர் வீட்டுக்குக் கொண்டுவந்த மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பத் தொடங்கினாள். முதலில் கோபம் வந்தது. இயந்திரத்தின் தடுப்புக் கதவு உடைந்திருக்கிறதென்று அங்கமுத்து எத்தனை தடவை சொன்னான்! மேனேஜர் விஜயரட்ணம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வளையம் சிவந்தது.

"வீடு போயிரும் லா, அம்மா," என்று திவாகர் சிரித்த முகத்தோடே கெஞ்சினான்.

"போனா போவுது. கருமாதிக்கு மேனேஜர் வர்றாருல்ல? அவரு முன்னாடி அந்தக் கதவப் பத்தி ஒப்பாரி வைக்கப்போறேன். ஒப்பாரி வைக்கிறவ வாய எவன்டா மூடுவான்?"

கருமாதியன்று படையல் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்றாள்.

"தொண்ட கட்டிக்கும்மா. கோப்பியாவது குடிங்க," என்று திவாகர் நீட்டினான். பிள்ளை பாசமாகக் கொடுத்ததைத் தட்ட மனமில்லாமல் குடித்துவிட்டாள்.

விஜயரட்ணம் மாலையோடு வந்தார். பெண்கள் கூடினார்கள். தேவமலர் படத்தின் முன் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சேர்த்துவைத்திருந்த வரிகள் எல்லாம் நினைவில் இருந்தன. உடைந்த கதவும் நினைவில் இருந்தது.

"வாங்க சார்," என்று சிரித்தாள். "வட சூடா இருக்கு. சாப்ட்டுத்தான் போவணும்."

வளையம் பச்சையாக மின்னியது. திவாகர் நிம்மதியாக மூச்சு விட்டான். கோப்பியில் அவன் என்ன கலந்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனை அறைய வேண்டும் என்பதும் தெரிந்தது. கோபம்தான் வரவில்லை.