தானியங்கி

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன தேர்வுக் குழு, ஒரு மணியாகியும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் செய்யும் அந்தப் பட்டறையில் காலையிலேயே வேலையை நிறுத்தித் தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காயாத இடத்தில் கால் பட்டுவிடாமல் எல்லோரும் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். சூப்பர்வைசர் இரவல் கோட்டின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

நடுவில் மெஷின் நின்றது. குழாய்த் திருகில் ரப்பர் வளையம் மாட்டும் மெஷின். போன வருடம்வரை வளையத்தைப் பெண்கள் கட்டை விரலால் அழுத்தி மாட்டினார்கள். நகம் பிளக்காத விரல் கிடையாது. பழைய தையல் மெஷின் மிதியையும் கழித்துப் போட்ட மோட்டாரையும் வைத்து, எட்டு மாதம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதைச் செய்தவர் சூப்பர்வைசரின் அக்கா புருஷன். பன்னிரண்டு வருடமாக அங்கே தினக்கூலி.

வட்டாரப் புத்தாக்க நிதிக்கு விண்ணப்பம் எழுதியது சூப்பர்வைசர்தான். கண்டுபிடித்தவருக்கு நிரந்தர வேலை என்று அதில் போட்டிருந்தது. கேட்டதும் அக்கா, "இனிமே காய்ச்சல்னு படுத்தாலும் சம்பளம் வரும்" என்று சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் கல்வித் தகுதி டிப்ளமா என்றிருந்தது. மாமா படித்தது எட்டாவது. பட்டறையில் மாலை வகுப்பில் படித்து டிப்ளமா வாங்கியவன் அவன் ஒருவன்தான். "உன் பேரையே போடு. குடும்பத்துக்குள்ளதானே" என்றார் முதலாளி. போட்டான். தானியங்கி என்றால் பத்து மதிப்பெண் கூடுதல், அதையும் எழுதினான். மாமாவிடம் தானியங்கி என்று எழுதியதை மட்டும்தான் சொன்னான்.

அதனால் மிதியைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். மிதிக்க ஆள் வேண்டுமே, தகரத்துக்குப் பின்னால் மாமா குந்தியிருந்தார்.

"மாப்ளே, நான் வெந்து இறங்குறதுக்குள்ள வந்துடுவாங்களா?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமா."

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் உள்ளே உட்காராதுண்ணே" என்றாள் முன்பு வளையம் மாட்டிய பெண்களில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தகரமும் சிரித்தது.

"ஏன் மாப்ளே, என் பேரை வாசிக்கிறப்பவே எழுந்து வந்துடவா? இல்ல, எல்லாம் முடிஞ்சப்புறமா?"

அவன் பொத்தானைப் பார்த்தான். "நான் சொல்றேன் மாமா."

குழு வந்தது. மெஷின் ஓடியது. வளையம் மாட்டிய திருகுகள் டக் டக்கென்று பெட்டியில் விழுந்தன. குழுத் தலைவி அம்மாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"வெளிநாட்டுச் சரக்கோட நம்ம வட்டாரம் போட்டி போடணும்னா இந்த மாதிரி மூளைதான் வேணும். இந்த யோசனை உங்களுக்கு எப்படித் தோணுச்சு, தம்பி?"

"இவங்க விரலைப் பார்க்க முடியல, மேடம்." மாமா அக்காவிடம் சொன்ன வார்த்தை அது. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

உதவியாளர் சான்றிதழை வாசித்தார். அவன் பெயர், அப்பா பெயர், டிப்ளமா.

மெஷின் நின்றது.

முதலாளி தகரத்தை முறைத்தார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். "கரண்ட் போயிடுச்சா?" என்றாள் தலைவி. அவன் வாயைத் திறந்தான்.

டக் என்று ஒரு திருகு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"அப்படியே ஓடட்டும், படத்துக்கு நல்லாருக்கும்" என்றார் புகைப்படக்காரர். அவன் சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

குழுவும் முதலாளியும் சாப்பிடப் போனார்கள். கார்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"போதும்னு நீங்களாவது சொல்லுங்களேன், சார்" என்றாள் கேலி செய்த அந்தப் பெண். அதுவரை அவனை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை.

அவன் தகரத்தின் அருகே போய் நின்றான். மாமா என்று கூப்பிட வரவில்லை. பெட்டி நிரம்பி வழிந்தது. திருகுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து, ஈரப் பச்சைத் தரையில் உருண்டு, ஒட்டிக்கொண்டன.