செடி வைத்த டயர்கள்

பெரிய டயர் போட்டால் ஜீப் பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று சொன்னவர்கள் ஏகப்பட்ட பேர். போடாதே என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் பெண்டாட்டி. இன்னொருவர் அவளுடைய அண்ணன், பட்டறைக்காரர். அந்த இரண்டு பேர் பேச்சைக் கேட்காததன் பலன், கிளட்ச் கருகிய நாற்றமாக இப்போது அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பட்டறையின் தகரக் கூரையில் மழை இரைந்தது. ஜீப்பின் பின்பக்கம் தூக்கி நின்றது. அதற்கடியில் மச்சான் படுத்துக் கிடந்தார். ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மனிதர். காலையில் அவன் வந்து வாசலில் நின்றபோது, "என்ன, மாப்பிள்ளை சாருக்கு வழி தவறிடுச்சா?" என்றுதான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு ஜாக்கியை எடுத்து வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவன் பெண்டாட்டி மலைமேல் கல்குவாரியில் ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். விடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது. "மேல மண்ணு சத்தம் போடுதுங்க. நடந்து இறங்கற பாதை சரிஞ்சு போச்சு. காவக்காரருக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. வண்டிய எடுத்துக்கிட்டு..." அவ்வளவுதான், போன் செத்துவிட்டது. குவாரி ஆபீசில் கேட்டான். மழை விடட்டும், மெஷினை அனுப்பிப் பார்க்கலாம் என்றார்கள். மழை விடும்வரை மலை காத்திருக்குமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அவனே கிளம்பினான். லாரிப் பாதையில் பாதி மலை ஏறிவிட்டான். செங்குத்தாக ஒரு வளைவு வரும். அங்கே முதல் கியரில், நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டும், எஞ்சின் மூச்சு முட்டி நின்றது. கிளட்சை வைத்து இழுத்துப் பார்த்தான். புகை வந்ததே ஒழிய வண்டி அசையவில்லை. கடைசியில் பின்னாலேயே சறுக்கி இறங்கினான்.

பழைய டயரில் அதே வளைவை அவன் நூறு தரம் ஏறியிருக்கிறான். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். சமதரையில் அது சுகம். ஏற்றத்தில் அந்தக் கூடுதலை இழுக்க எஞ்சினுக்குத் தெம்பு கிடையாது. அதற்குத் தக்கபடி அச்சுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் என்கிற பல் சக்கர ஜோடியை மாற்றவேண்டும். எஞ்சினிலிருந்து அச்சுக்கு வருகிற தண்டு இன்னும் அதிகம் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்கிற மாதிரி பல் அமைந்த ஜோடி வேண்டும். இதைத்தான் மச்சான் அன்றைக்குச் சொன்னார். அவன் டயரை முதலில் மாட்டிக்கொண்டான். பல்லைப் போன வாரம்தான் வாங்கினான், இரண்டு ஜோடி. பெட்டி பிரிக்காமல் வண்டியிலேயே கிடந்தது.

"பின்னாடி முடிஞ்சுது" என்று மச்சான் வெளியே வந்தார். "பல்லு மேல பெயின்ட் தடவி, சரியாக் கடிக்குதான்னு ஒரு தரம்தான் பார்த்தேன். நிதானமா வச்சுப் பார்க்க நேரமில்ல. ஊளை போடும்."

"போட்டா போடட்டும் மச்சான்."

"முன்னாடி பெட்டிய எடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். மச்சான் பெட்டியைப் பிரித்தார். பல் சக்கரத்தைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு திறந்து கிடந்த முன் அச்சின் வயிற்றுக்கு நேராகப் பிடித்தார். அது உள்ளேயே போகாது என்று அவனுக்கே தெரிந்தது.

"கடையில என்னன்னு கேட்ட?"

"ரெண்டு ஜோடி வேணும்னேன்."

"முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணுன்னு சொன்னியா?"

அவன் இரண்டு பெட்டி மேலும் இருந்த எண்ணைப் பார்த்தான், ஒரே எண்.

"ரெண்டுமே பின் அச்சுக்கு உள்ளது. முன் அச்சு சின்னது மாப்ள. செருப்பு வாங்கப் போனவன் ரெண்டும் வலது காலுக்கே வாங்கிட்டு வந்த கதையா இருக்கு." சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

"அப்ப முன்னாடி பழசே இருக்கட்டும். மூடுங்க. நான் போறேன்."

"எங்க போற? முன் சக்கரம் ஓடும், பின் சக்கரம் நடக்கும். ரெண்டு பேர் காலையும் ஒண்ணாக் கட்டிவிட்ட மாதிரி. நாலு சக்கரமும் சேர்த்துப் போட்டா பாதி ஏத்தத்துல, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் இழுப்பப் பிரிச்சு விடற நடுப்பெட்டி உடைஞ்சு சிதறும்."

"பின் சக்கரத்த மட்டும் வச்சு ஏறுறேன்."

"அந்தச் சேத்துலயா?"

அவன், கழற்றி வைத்திருந்த டயர் மேலேயே உட்கார்ந்தான். ஊரெல்லாம் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று வாங்கிய டயர். தலையில் அடித்துக்கொண்டான். மச்சானுக்கும் கை ஓடவில்லை. கரித்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார். மேலே இருப்பது அவருக்கும் ஒரே தங்கை.

"பழைய டயராவது இருந்தா நாலையும் மாட்டி, பழைய பல்லையே திருப்பிப் போட்டு அனுப்பிடுவேன்" என்றார். "அதையும் வித்துத் தின்னுட்ட."

"ரெண்டத்தான் வித்தேன். ரெண்டுல உங்க தங்கச்சி செடி வச்சிருக்கா. வாசல்ல."

கரித்துணி நின்றது.

"அறுத்தா வச்சிருக்கா, முழுசாவா?"

"முழுசாத்தான். நடுவுல மண்ணப் போட்டு..."

"ரெண்டு போதும்டா" என்றார் மச்சான். "முன்னாடி பழைய பல்லு, பழைய டயர். பின்னாடி புதுப் பல்லு, பெரிய டயர். கணக்கு நேராகுது. டிராக்டர் நிக்குமே, முன்னாடி சின்னதும் பின்னாடி பெருசுமா, அந்த மாதிரி. போ, எடுத்துட்டு வா. நான் முன்னாடி மூடி வைக்கிறேன்."

வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினான். ஒரு டயரில் மிளகாய்ச் செடி, காய்த்துக் கிடந்தது. இன்னொன்றில் ரோஜா. தொட்டியில் வருஷக்கணக்காகப் பூக்காமல் இருந்து, டயருக்கு வந்தபிறகு இப்போதுதான் ஒரு மொட்டு விட்டிருந்தது. தினமும் அவள் அதனோடு பேசுவாள், அவனோடு பேசுவதைவிட அன்பாக. அவன் கண்ணை மூடிக்கொண்டு டயரைக் கவிழ்த்தான். மண்ணும் வேருமாகப் படியில் கொட்டியது. இரண்டையும் தெருவில் உருட்டிக்கொண்டே வந்தான்.

ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து மாட்டியபோது ஜீப் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது, தொலைத்த காசைத் தேடுகிறவன் மாதிரி. மச்சான் முன் தண்டிலும் பின் தண்டிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டுவிட்டு அடியில் பார்வையை வைத்துப் படுத்தார்.

"தள்ளு. ரெண்டு கோடும் ஒண்ணாச் சுத்தணும்."

கொட்டும் மழையில் அவன் தள்ளினான். இரண்டு கோடும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின, மறுபடி ஏறின. பட்டறை முற்றம் முடிகிற இடத்தில் பின்கோடு ஒரு விரல் அளவு முந்தியது.

"முன்னாடி காத்தக் கொஞ்சம் இறக்கு, டயர் அமுங்கினா அதுவும் வேகமாச் சுத்தும். இன்னும் கொஞ்சம். போதும்." மச்சான் எழுந்தார். முகமெல்லாம் சேறு. "மாப்ள, இது பாட்டுக்கு ஏறும். நீ குறுக்க புத்திய விடாம இருந்தா சரி."

"மச்சான், நீங்களும் வாங்க."

"நான் ஏறினா அவ உட்கார்ற இடத்த நான் அடைச்சுக்குவேன். போ."

மலையில் தண்ணீர் பாதையோடு பாதையாக இறங்கி வந்தது. பின் அச்சு நாய் மாதிரி ஊளையிட்டது. அந்தச் சத்தம் நிற்காத வரைக்கும் பல் பிடித்திருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். காலையில் நின்றுபோன வளைவு வந்தது. அவன் சறுக்கி இறங்கிய தடம் இன்னும் அழியவில்லை. முதல் கியர். எஞ்சின் முக்கியது, தணிந்தது, மறுபடி முக்கியது. கிளட்சைத் தொடவே கூடாது என்று இடது காலை இருக்கைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டான். முன்னால் சின்னது இரண்டும் சேற்றைப் பிறாண்டின, பின்னால் பெரியது இரண்டும் முதுகைக் கொடுத்துத் தள்ளின. வளைவு பின்னால் போனது. அழுதுகொண்டிருக்கிறோம் என்பது அப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது.

குவாரிக்குக் கொஞ்சம் கீழே அவர்களே எதிரில் வந்தார்கள். காவல்காரரைப் பலகையில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவர் தலைக்கு மேல் சாக்கைப் பிடித்தபடி அவள் வந்தாள். அகலமான இடம் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்தினான். ஆட்கள் காவல்காரரை ஏற்றினார்கள்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைப் பார்த்தாள். குனிந்து, டயர் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு வேரைப் பிய்த்துக் கையில் எடுத்தாள்.

"செடி எங்க?"

"வாசல்லதான் இருக்கு. மண்ணோட."

"எடுத்து வச்சீங்களா, கொட்டுனீங்களா?"

"கொட்டிட்டேன்."

அவள் வேரில் ஒட்டியிருந்த சேற்றை உதறினாள். பிறகு வேரை முந்தானையில் முடிந்துகொண்டு, "நகருங்க அண்ணே, அவரு கால் இடிக்குது" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லியபடி ஏறினாள்.

மேலே மண் மறுபடி சத்தம் போட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிரேக்கை நம்பவில்லை. முதல் கியரிலேயே இறக்கினான்.