அப்ஹாம் கீறிய கறுப்பு

காத்தான்குடியில் நான் பாலர் பாடசாலை தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. ஸகியா ரீச்சரின் கண்காட்சி என்றால் ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்குப் பின்னால் என் களவு வேலையும் உண்டு. பிள்ளைகள் கீறும் படங்களை நான் திருத்திவிடுவேன். காலில்லாத ஆட்டுக்குக் கால் வைப்பேன். கவிழ்ந்து கிடக்கும் தோணியை நிமிர்த்துவேன். பெற்றோர் வாயைப் பிளந்து பார்க்க வேண்டாமா?

போன வருடம் பயிற்சி தர வந்தவர், பிள்ளை முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள் என்று மூன்று நாளும் படித்துப் படித்துச் சொன்னார். கொப்பியில் அழகாக எழுதிக்கொண்டு வந்தேன். கொப்பி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இந்தமுறை கண்காட்சிக்கு முதல்நாள், நாலு வயது அப்ஹாமின் தாள் கையில் வந்தது. தாள் முழுக்கக் கறுப்பு. ஒரு பெஸ்டல் கலர்க்கட்டியையே தேய்த்துத் தீர்த்திருந்தான். இதைத் தொங்கவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும். ஒரு பிறையும் பத்துப் பன்னிரண்டு தங்க நட்சத்திர ஸ்டிக்கரும் ஒட்டினேன். நல்ல இரவு வானமாகிவிட்டது.

அவனுடைய வாப்பா றமீஸ் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். போனில் மணிக்கணக்காகக் கதைத்த பிள்ளை, நேரில் கண்டதும் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறானாம். ஒரு தடவைகூட வாப்பா என்று கூப்பிடவில்லையாம். லீவு முடிந்து அடுத்த கிழமை அவர் திரும்பவும் போகவேண்டும். படத்தைச் சாட்டியாவது மகனோடு இரண்டு வார்த்தை கதைக்கலாம் என்றுதான் கண்காட்சிக்கு வந்ததாக என்னிடம் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்ஹாம் படங்கள் தொங்கிய சுவர் நெடுக நடந்தான். தன் படத்தைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தபோதும் தாண்டிப் போனான். றமீஸ்தான் பெயரை வாசித்துக் கண்டுபிடித்து, வானம் நல்ல வடிவு என்று மகனைப் புகழ்ந்தார். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"இது என்ட இல்ல. ரீச்சர்ட படம்."

சுற்றி நின்ற தாய்மார் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை மறந்துவிட்டான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. றமீஸின் முகம் வாடியதைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. பிறையும் நட்சத்திரமும் நான் ஒட்டியவை, பிள்ளை கீறியது கறுப்பு மட்டும்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது.

அந்தக் கறுப்பு என்னவென்று றமீஸ் கேட்டார். எனக்குத் தெரியாது. நான் அவனிடம் கேட்கவே இல்லை. பதினாறு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை.

அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, என்ன கீறினாய் மகன் என்று கேட்டேன்.

"போன்," என்றான். "வாப்பா கதச்சி முடிச்சதுக்குப் புறகு போன் இப்பிடித்தான் இரிக்கும்."

றமீஸ் தாளைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் வைத்து உட்கார்ந்தார். நட்சத்திரங்களை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிளப்பத் தொடங்கினார். உதவிக்கு நீண்ட என் கையை நானே மடக்கிக்கொண்டேன்.

அப்ஹாம் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தான். பிறகு கிட்ட வந்து, தாளின் மூலையில் விரலை வைத்தான்.

"இஞ்ச ஒண்டு இரிக்கி, வாப்பா."